தாயின் நிக்காஹ் செல்லும், மகளுடையது?

பர்மிங்ஹாமில் ஒரு கல்யாண மண்டபம். இமாம் குத்பா ஓதுகிறார். மஹர் தொகையைச் சபையறியச் சொல்கிறார். மாப்பிள்ளை சம்மதம் சொன்னதும் இரண்டு சாட்சிகள் கையெழுத்துப் போடுகிறார்கள். பந்தி தொடங்குகிறது. மார்க்கப்படி இருவரும் கணவன் மனைவி. இங்கிலாந்துச் சட்டப்படியோ அங்கே கல்யாணமே நடக்கவில்லை.

நம்மூரில் ஜமாஅத் தப்தரில் ஏறிய நிக்காஹ் சட்டப்படியான திருமணம்தான். பாகிஸ்தானிலும் நிக்காஹ் செல்லும். அங்கே முறைப்படி நடந்ததை இங்கிலாந்தும் ஏற்கிறது. ஆக, லாகூரில் நிக்காஹ் முடித்து வந்த தாய் சட்டப்படி மனைவி. பர்மிங்ஹாமிலேயே பிறந்து அங்கேயே நிக்காஹ் செய்த மகள் மனைவி அல்ல.

காரணம் பழையது. ரகசியத் திருமணங்களை ஒழிக்க 1753-இல் வந்த சட்டம், ஆங்கிலிக்கன் தேவாலயத்தில் நடந்தால்தான் திருமணம் என்றது. யூதர்களுக்கும் குவேக்கர்களுக்கும் மட்டும் விலக்கு. 1836-இல் மற்ற வழிபாட்டு இடங்களும் பதிவு பெற்றுத் திருமணம் நடத்த வழி பிறந்தது. இன்றுள்ள 1949-ஆம் ஆண்டுச் சட்டம் அந்த அடித்தளத்தில் நிற்கிறது. பதிவு அலுவலகத்தில் 28 நாள் முன்னறிவிப்பு கொடுத்திருக்க வேண்டும்; நடக்கும் கட்டடத்துக்கு அனுமதி இருக்க வேண்டும். பள்ளிவாசலும் அந்த அனுமதியைப் பெறலாம். பல பள்ளிவாசல்கள் பெறவில்லை. நிக்காஹும் பெரும்பாலும் வீட்டிலோ மண்டபத்திலோதான். பதிவு அலுவலகத்துக்குத் தனியாகப் போக வேண்டும். "அப்புறம் பார்க்கலாம்" என்று அது தள்ளிப்போகிறது.

தள்ளிப்போனதன் விலை பிரியும்போது தெரிகிறது. குழந்தைகளுக்கு ஜீவனாம்சம் உண்டு. மனைவி என்ற முறையில் வீட்டிலோ ஓய்வூதியத்திலோ பெண்ணுக்குப் பங்கு கிடையாது. ஷரியா கவுன்சில் அவளுக்கு மார்க்க ரீதியான விடுதலை தரலாம். சொத்தைப் பிரிக்க அதற்கு அதிகாரம் இல்லை.

1998-இல் லண்டன் உணவகமொன்றில் நிக்காஹ் செய்த ஒரு பெண்ணின் வழக்கு பெரிதாகப் பேசப்பட்டது. சட்டப்படி பதிவு செய்யலாம் என்று அவர் பலமுறை கேட்டும் கணவர் இசையவில்லை. நான்கு குழந்தைகள் பிறந்தபின் பிரிவு. 2018-இல் உயர் நீதிமன்றம் அதைச் 'செல்லாத திருமணம்' என்றது. கேட்க மோசமாக இருந்தாலும் அவருக்கு அது நல்ல தீர்ப்பு. செல்லாத திருமணத்திலும் சொத்தில் பங்கு கேட்கலாம். 2020-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைக்கூட மறுத்து, அது திருமணமே அல்ல என்றது. பதினேழு, பதினெட்டு ஆண்டுக் குடும்ப வாழ்க்கையை இப்படி ஒன்றுமில்லை என்பது அநியாயம் என்றே எனக்குப் படுகிறது.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2021 கணக்கெடுப்பின்படி சுமார் 39 லட்சம் முஸ்லிம்கள்; ஆக, இது ஓரிருவரின் சிக்கல் அல்ல. கட்டடத்தைப் பார்க்காமல் நடத்திவைப்பவருக்கு அதிகாரம் கொடுங்கள் என்று சட்ட ஆணையம் 2022-இல் பரிந்துரைத்தது. ஸ்காட்லாந்தில் ஏற்கெனவே நடத்திவைப்பவரை வைத்துத்தான் திருமணம்.

சட்டம் மாறும்வரை சில இமாம்கள் தாங்களே ஒரு வழி செய்திருக்கிறார்கள். நிக்காஹ் பேச வருபவர்களிடம் பதிவு அலுவலகச் சான்றிதழைக் கேட்கிறார்கள். அது கைக்கு வந்த பிறகே தேதி கொடுக்கிறார்கள்.