ஒரே வீதி, இரண்டு இலக்கம், எதிரெதிர்த் திசை: சப்ரகமுவத் தோட்டங்களிலிருந்து ஏ9 வரை

ஏ9 என்று சொன்னால் எங்கள் மக்களுக்கு விளக்கம் தேவையில்லை. 2002 ஏப்ரலில் திறந்தார்கள், 2006 ஓகஸ்டில் மூடினார்கள், நடுவில் ஓமந்தையும் முகமாலையும். ஒரு வீதியின் இலக்கம் ஒரு காலத்தின் பெயராகவே மாறிவிட்டது. ஆனால் அந்த வீதி எங்கே தொடங்குகிறது, அதன் கட்டைகள் எந்தப் பக்கமிருந்து எண்ணப்படுகின்றன என்று கேட்டால் பலர் கொஞ்சம் யோசிப்பார்கள். யாழ்ப்பாணத்திலிருந்து எண்ணுவதாக நினைப்பவர்களும் இருக்கிறார்கள். அதன் பூச்சியம் கண்டியில் இருக்கிறது. அங்கிருந்து வடக்கே சுமார் 320 கிலோமீற்றர்.

நான் கேகாலை மாவட்டத்தில், யட்டியாந்தோட்டைப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்தவன். எங்கள் உறவினர்களில் பாதிப் பேர் 1977, 1981, 1983 வன்செயல்களுக்குப் பிறகு இரத்தினபுரி, கேகாலைத் தோட்டங்களை விட்டு வன்னிக்குப் போனவர்கள். அதனால் இரண்டு பக்கமும் போய்வருவது எனக்குச் சின்ன வயதிலிருந்தே பழக்கம். வீதி இலக்கங்களும் திசைகளும் எப்படி ஒன்றுக்கொன்று முரண்படுகின்றன, அது யாருக்குச் சிரமம் தருகிறது என்பதை அந்தப் போக்குவரத்தை வைத்தே இங்கே விளக்கப் பார்க்கிறேன்.

வடக்கும் தெற்கும் ஒரே பலகையில்

உலகத்தில் இதற்குப் பேர்போன இடம் அமெரிக்காவின் வேர்ஜீனியா மாநிலத்தில் இருக்கிறது. அந்த நாட்டில் மாநிலங்களை இணைக்கும் பெருந்தெருக்களில் ஒற்றை எண் என்றால் வடக்கு–தெற்கு, இரட்டை எண் என்றால் கிழக்கு–மேற்கு. இலக்கத்துக்குப் பக்கத்திலேயே திசையையும் எழுதிவிடுவார்கள். ஐ-77, ஐ-81 இரண்டும் ஒற்றை எண்கள், ஆகவே இரண்டும் வடக்கு–தெற்கு வீதிகள். வித்வில் என்ற ஊருக்குப் பக்கத்தில் இவை இரண்டும் சேர்ந்து சுமார் 13 கிலோமீற்றர் ஒரே தார்ச்சாலையில் ஓடுகின்றன. ஆனால் எதிரெதிராக ஓடுகின்றன. ஐ-77இல் வடக்கே போகிறவர் அந்தத் துண்டில் ஐ-81இன் தெற்கு நோக்கிய பக்கத்தில் போகிறார். இரண்டு பலகையும் ஒரே கம்பத்தில் நிற்கும், ஒன்று வடக்கு என்கும், மற்றது தெற்கு என்கும். வாகனம் உண்மையில் போவது மேற்குப் பக்கமாக!

இதற்குக் காரணம் மலை. ஐ-81 மலைத்தொடரின் நடுவிலுள்ள பள்ளத்தாக்கு வழியே நீளமாகப் போகிறது. ஐ-77 அந்த மலைகளைக் குறுக்கே வெட்டிக் கடக்கிறது. தனித்தனியாகப் பாதை போட வசதியில்லாத இடத்தில், உள்ள பாதையைப் பங்குபோட்டுக் கொள்கின்றன. மலைநாட்டில் வாழ்ந்தவர்களுக்கு இது விளங்கும். ஆறும் சரிவும் விட்ட இடத்தில்தான் வீதி, எந்த ஊருக்குப் போவதென்றாலும் அதே வீதிதான்.

எங்கள் நாட்டு முறை

இலங்கையில் பெரிய வீதிகள் ஏ, பி என்று வகுக்கப்பட்டு வீதி அபிவிருத்தி அதிகார சபையின் பொறுப்பில் இருக்கின்றன. வெள்ளைக்காரர் நாட்டு முறையைப் போல, ஒரு துண்டு வீதிக்கு ஒரு இலக்கம் என்பதுதான் பொது வழக்கம். இரண்டு வீதிகள் சந்தித்தால் ஒன்று அங்கேயே முடிந்துவிடும். சப்ரகமுவவைப் பார்த்தாலே இது தெரியும். ஏ4 கொழும்பில் தொடங்கி அவிசாவளை, இரத்தினபுரி, பெல்மடுளை, பலாங்கொடை, வெல்லவாய, பொத்துவில் வழியாக மட்டக்களப்பு வரை போகிறது. ஏ7 அவிசாவளையில் பிரிந்து ஹட்டன் வழியாக நுவரெலியாவுக்கு ஏறுகிறது. பாணந்துறையில் தொடங்கும் ஏ8 இரத்தினபுரியில் முடிகிறது. ஏ18 பெல்மடுளையில் தொடங்கி எம்பிலிப்பிட்டிய பக்கம் இறங்குகிறது. காலியிலிருந்து தெனியாய, இறக்குவானை வழியாக வரும் ஏ17 மாதம்பையில் அந்த ஏ18உடன் சேர்ந்து முடிகிறது. கேகாலையையும் கரவனெல்லையையும் ஏ21 இணைக்கிறது.

எங்கள் பலகைகளில் வடக்கு, தெற்கு என்று எழுதும் வழக்கமில்லை. அடுத்த ஊரின் பெயரைத்தான் எழுதுகிறோம். அதனால் வேர்ஜீனியாவின் குழப்பம் இங்கே கண்ணுக்குத் தெரியாது. அது கிலோமீற்றர் கட்டைகளில் ஒளிந்திருக்கிறது. ஒவ்வொரு வீதிக்கும் ஒரு பூச்சியம் உண்டு. அங்கிருந்து விலகினால் எண் ஏறும், நெருங்கினால் இறங்கும்.

இறக்குவானைப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து இரத்தினபுரி ஆஸ்பத்திரிக்குப் போகும் ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். ஏ17இல் மாதம்பை வரை கட்டை எண் ஏறும். மாதம்பையில் ஏ18க்குத் திரும்பியதும், காவத்தை வழியாகப் பெல்மடுளை வரை எண் இறங்கும். பெல்மடுளையில் ஏ4க்கு ஏறினால் மறுபடியும் இறங்கும், ஆனால் இந்த முறை எண்ணுவது கொழும்பிலிருந்து. அவர் போவது ஒரே பயணம், ஒரே பக்கம். கட்டைகள் மட்டும் மூன்று கணக்குச் சொல்கின்றன.

கேகாலையிலிருந்து இரத்தினபுரிக்கு வருகிறவருக்கும் இதே கதைதான். கரவனெல்லையிலிருந்து அவிசாவளை வரை ஏ7இல் எண் இறங்குமுகம். அவிசாவளையில் ஏ4க்கு மாறினால் ஏறுமுகம்.

அம்பேபுஸ்ஸவில் ஆக்ராவின் வீதி

உண்மையாகவே ஒரே வீதிக்கு இரண்டு இலக்கம் உள்ள இடமும் சப்ரகமுவவில் இருக்கிறது. கேகாலை மாவட்டத்தின் வரக்காப்பொலை, அம்பேபுஸ்ஸப் பகுதியில் ஓடும் ஏ1 கொழும்பிலிருந்து கண்டிக்குப் போகும் வீதி. அதுவே ஆசிய நெடுஞ்சாலை 43இன் ஒரு பகுதியும் கூட. 2003இல் ஏற்றுக்கொள்ளப்பட்டு 2005இல் நடைமுறைக்கு வந்த ஆசிய நெடுஞ்சாலை உடன்படிக்கையில் தெற்காசியாவுக்கு 40 முதல் 59 வரையான எண்களை ஒதுக்கினார்கள். 43ஆம் இலக்கம் இந்தியாவின் ஆக்ராவில் தொடங்கி, ஹைதராபாத், பெங்களூர், கிருஷ்ணகிரி, மதுரை வழியாகத் தனுஷ்கோடிக்கு வருகிறது. கடல் கடந்து தலைமன்னார், மதவாச்சி, தம்புள்ளை, கொழும்பு, காலி என்று போய் மாத்தறையில் முடிகிறது. கடலில் பாலம் இல்லை. காகிதத்தில் வீதி தொடர்கிறது.

இப்போது திசையைப் பாருங்கள். ஏ1 கொழும்பிலிருந்து விலகி எண்ணுகிறது. ஆசிய நெடுஞ்சாலையோ ஆக்ராவிலிருந்து கொழும்பை நோக்கி வருகிறது. ஆக, அம்பேபுஸ்ஸவிலிருந்து கொழும்புக்கு இறங்கும் லொறி 43இல் முன்னோக்கிப் போகிறது, ஏ1இல் பின்னோக்கிப் போகிறது. கொழும்பைத் தாண்டிக் காலி வீதிக்கு, அதாவது ஏ2க்கு, வந்தால்தான் இரண்டும் ஒரே பக்கம் திரும்புகின்றன.

வடக்கிலும் இதே முரண்தான். மதவாச்சியிலிருந்து தலைமன்னாருக்குப் போகும் ஏ14இன் பூச்சியம் மதவாச்சியில். ஏ9இன் பூச்சியம் கண்டியில். இரண்டுமே ஆசிய நெடுஞ்சாலைக்கு எதிர்த்திசையில் எண்ணப்படுகின்றன.

இது வெறும் கணக்கு வேடிக்கை என்று விட்டுவிட எனக்கு மனமில்லை. எங்கள் முன்னோர் தமிழகத்திலிருந்து படகில் வந்து மன்னார்க் கரையில் இறங்கி, தம்புள்ளை, மாத்தளை வழியாகக் கால்நடையாக மலைக்கு வந்தார்கள். வழியிலேயே இறந்தவர்கள் ஏராளம். அவர்கள் வந்த திசை ஆசிய நெடுஞ்சாலை 43இன் திசை. நூற்றைம்பது ஆண்டுகளுக்குப் பிறகு அவர்களின் பேரப்பிள்ளைகள் அடிபட்டு, எரிந்த லயங்களை விட்டு வன்னிக்குப் போனார்கள். அவர்கள் போன திசை ஏ9 கட்டைகள் ஏறும் திசை. 2023 ஜூலை இறுதியில், மலையக மக்கள் வந்து 200 ஆண்டுகள் நிறைவானதை ஒட்டி, தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை ஒரு நடைபயணம் நடந்தது. நானும் அதில் ஒரு நாள் நடந்தேன். வீதியோரக் கட்டைகளில் எண்கள் குறைந்துகொண்டே வந்தன. பக்கத்தில் நடந்த ஒரு அம்மா, “நம்மாளுங்க வந்தப்ப இந்தக் கட்டையெல்லாம் ஏது தம்பி” என்றார்.

155ஆம் கட்டையில் ஒரு விலாசம்

கிளிநொச்சியில் 155ஆம் கட்டை என்றால் பஸ் நடத்துநர் முதல் பள்ளிப்பிள்ளை வரை எல்லோருக்கும் தெரியும். மைல் போய்க் கிலோமீற்றர் வந்த பிறகும் அந்தப் பெயர் போகவில்லை. அது கண்டியிலிருந்து 155 மைல் என்று பொருள், ஏறத்தாழ 250 கிலோமீற்றர். தோட்டங்களிலிருந்து இடம்பெயர்ந்த குடும்பங்கள் கிளிநொச்சியைச் சுற்றிப் பாரதிபுரம், மலையாளபுரம் போன்ற குடியிருப்புகளில் வாழ்கிறார்கள். மலையை விட்டு ஓடிவந்தவர்கள் தங்கள் பக்கத்துச் சந்தியை மலையிலிருந்து எத்தனை மைல் என்றே இன்றும் சொல்கிறார்கள். கட்டைக்கு அரசியல் தெரியாது, ஆனால் அது சொல்லும் தூரம் சரியானது.

இலக்கம் மட்டுமே வாசிக்கத் தெரிந்தால்

திசைச் சிக்கல் அதிகம் கடிப்பது பஸ்ஸில். சப்ரகமுவவின் பஸ் பெயர்ப் பலகைகளில் சிங்களம் பெரிதாக இருக்கும். தமிழ் சிறிதாக இருக்கும், அல்லது இருக்காது. அதனால் தோட்டத்துப் பெரியவர்கள் இலக்கத்தைப் பிடித்துக்கொள்கிறார்கள். 99 என்றால் கொழும்பு–பதுளை. 122 என்றால் கொழும்பு–இரத்தினபுரி. அவிசாவளைக்கும் இரத்தினபுரிக்கும் இடையில் இரண்டும் ஒரே ஏ4இல்தான் ஓடுகின்றன. ஆனால் போகும் பஸ்ஸுக்கும் வரும் பஸ்ஸுக்கும் இலக்கம் ஒன்றுதான். இலக்கம் வழியைச் சொல்லும், எந்தப் பக்கம் என்று சொல்லாது.

2003இல், ஏ9 திறந்திருந்த நாட்களில், எனது சித்தப்பா ஒருவர் இருபது வருடத்துக்குப் பிறகு கிளிநொச்சியிலிருந்து வந்தார். பலாங்கொடையில் இருந்த தங்கையைப் பார்க்க அவிசாவளையில் 99இல் ஏறியிருக்கிறார். பலகையில் தமிழ் இல்லை. பஸ் கொழும்புப் பக்கம் போய்விட்டது. ஹங்வெல்லையில் இறங்கி, கையில் கிளிநொச்சி விலாசம் போட்ட அடையாள அட்டையோடு, யாரிடம் கேட்பது என்று தெரியாமல் இரண்டு மணிநேரம் நின்றிருக்கிறார். “நம்பரப் பாத்துத்தானே ஏறுனேன்” என்றார் வந்தபிறகு. அந்த அடையாள அட்டையோடு அந்தக் காலத்தில் தெரியாத ஊரில் நிற்பது எப்படிப்பட்ட பயம் என்பது இதை வாசிப்பவர்களுக்குத் தெரியும்.

1987இன் 13ஆம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. அரசகரும மொழிகள் ஆணைக்குழு 1991ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டத்தால் உருவானது. மொழிச் சட்டம் மீறப்பட்டால் அங்கே முறையிடலாம். ஆனால் தோட்டத்திலிருந்து யார் போய் முறையிடுவது?

தோட்டத்துக்குள் இலக்கமே இல்லை

பிரதான வீதியிலிருந்து தோட்டத்துக்குள் திரும்பினால் இலக்கமும் கட்டையும் நின்றுவிடும். அங்கே மேல்கணக்கு, கீழ்க்கணக்கு, இத்தனையாம் நம்பர் லயம் என்பதுதான் விலாசம். திசையும் மேலே, கீழே என்றுதான். ஏ7இல் மேலே என்றால் ஹட்டன் பக்கம், கீழே என்றால் அவிசாவளைப் பக்கம். எங்களுக்குள் இது தெளிவு. வெளியாளுக்கு ஒன்றும் விளங்காது.

ஆபத்து வரும்போது இதற்கு விலை கொடுக்கிறோம். 2016 மே மாதத்தில் அரநாயக்கவில் மலை சரிந்தபோது, அதே நாட்களில் புலத்கொஹுபிட்டிய களுபஹனத் தோட்டத்திலும் லயம் மண்ணில் புதைந்தது. இந்த மாவட்டங்களில் மழைக்காலம் வந்தால் யாரும் நிம்மதியாகத் தூங்குவதில்லை. அம்புலன்ஸுக்கு 1990 என்ற இலக்கம் இருக்கிறது. அழைத்தால் முதல் கேள்வி, எங்கே நிற்கிறீர்கள் என்பதுதான். “ரோட்டுக்கு மேல, கோயிலுக்குக் கீழ” என்பது பதிலாகாது.

ஆகவே வீட்டில் எல்லோரும், முக்கியமாகப் பிள்ளைகள், நான்கு விஷயங்களை மனப்பாடம் செய்து வைத்திருக்க வேண்டும். ஒன்று, தோட்டப் பாதை வந்து சேரும் வீதியின் இலக்கம். இரண்டு, அந்தச் சந்திக்குப் பக்கத்திலுள்ள கிலோமீற்றர் கட்டையின் எண். மூன்று, அந்த வீதியின் இரண்டு பக்கமும் உள்ள பெரிய ஊர்களின் பெயர். நான்கு, தோட்டத்தின் பெயரும் கணக்கின் பெயரும். சொல்லும்போது வடக்கு, தெற்கு, மேலே, கீழே என்று சொல்லாமல், “ஏ7 வீதி, இந்த எண் கட்டை, அவிசாவளையிலிருந்து ஹட்டனுக்குப் போகும்போது இடப்பக்கம்” என்று ஊர் பெயரை வைத்துச் சொல்லுங்கள். பஸ்ஸில் ஏறும்போதும் இலக்கத்தைப் பார்த்தபின், கடைசி ஊர் எது என்று நடத்துநரிடம் ஒருமுறை கேளுங்கள்.

அதிகாரிகள் செய்யவேண்டியதும் பெரிய செலவில்லை. தோட்டப் பாதை பிரதான வீதியில் சேரும் ஒவ்வொரு சந்தியிலும், தோட்டத்தின் பெயரையும் கணக்கையும் மூன்று மொழியிலும் எழுதி ஒரு பலகை நட்டால் போதும். பஸ்ஸின் முன்கண்ணாடியில் இலக்கத்துக்குக் கீழே போய்ச்சேரும் ஊரைத் தமிழிலும் எழுதினால் போதும். இந்த இரண்டையும் பிரதேச சபை உறுப்பினர்களிடமும் தொழிற்சங்கத் தலைவர்களிடமும் கேட்பதற்கு, வாக்குக் கேட்டு அவர்கள் லயத்துக்கு வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.