இது யார் எழுதிய நிரல்?

கீழப்பழுவூர் என்னும் ஊர்ப் பெயரில் எத்தனை எழுத்துகள் உள்ளன? விரல்விட்டு எண்ணிப் பாருங்கள். கீ, ழ, ப், ப, ழு, வூ, ர். ஆக 7 எழுத்துகள். ஆனால் கணிப்பொறியைக் கேட்டால் 12 என்று அது சொல்லக்கூடும்! ஏன் இந்த வேறுபாடு?

கணிப்பொறியில் வழங்கும் யூனிகோடு முறையில் ‘கீ’ என்பதற்கு இரண்டு குறியீடுகள். ‘க’ ஒன்று; அதனையடுத்து வரும் ஈகாரக் குறி மற்றொன்று. ப், ழு, வூ, ர் ஆகியவையும் அவ்வாறே. இந்த ஐந்துக்கும் 10 குறியீடுகள். ழ, ப இரண்டுக்கும் 2. மொத்தம் 12.

தமிழ் எழுத்துகளைச் சரியாகப் பிரித்தெண்ணும் நிரல்கள் ‘ஓப்பன் தமிழ்’ போன்ற திறந்த மூலத் தொகுப்புகளில் உள்ளன. திறந்த மூல நிரலை எவரும் படிக்கலாம். பிழை கண்டால் திருத்தி அனுப்பலாம். அதைப் பொறுப்பாளர் சரிபார்த்துச் சேர்த்துக்கொள்வார். இப்பொறுப்பாளர்களுள் பலர் ஊதியமின்றி ஓய்வு நேரத்தில் உழைப்பவர்கள்.

இப்போது கீழப்பழுவூர் மாணவர் ஒருவர், எழுத்தெண்ணும் நிரலைச் செயற்கை நுண்ணறிவுக் கருவியிடம் கேட்டு வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். நொடியில் நிரல் வருகிறது. ஆங்கிலச் சொல்லைக் கொடுத்தால் விடை சரியாகவே இருக்கிறது. தமிழ்ச் சொல்லைக் கொடுத்துப் பார்க்காமல், தாமே எழுதியதுபோல் அனுப்பிவிடுகிறார். குறியீடுகளை மட்டும் எண்ணும் நிரலாக அது இருந்தால் என்ன ஆகும்? தமிழ்த் தொகுப்பிலேயே தமிழ் பிழைபடும்!

கருவியைப் பயன்படுத்தியது குற்றமா? அன்று. அதை மறைத்ததுதான் தவறு. கருவி தரும் நிரல் பார்வைக்கு ஒழுங்காக இருக்கும். பிழை உள்ளே மறைந்திருக்கலாம். கருவியின் உதவி என்று தெரிந்தால் எங்கே கூர்ந்து நோக்க வேண்டும் என்பது பொறுப்பாளருக்குப் புரியும். மேலும், கருவி பிறருடைய நிரல்களைக் கொண்டு பயிற்றப்பட்டது. வேறொருவர் உரிமையுள்ள பகுதியை அப்படியே தந்துவிடவும் கூடும்.

உலகத் திட்டங்கள் இதில் ஒரே வழியைப் பின்பற்றவில்லை. ஜென்டூ லினக்ஸ் 2024 ஏப்ரலில் இத்தகைய பங்களிப்புகளுக்குத் தடை விதித்தது. ஃபெடோரா 2025 அக்டோபரில், உதவியை வெளிப்படையாகக் கூறும்படி சொல்லி அனுமதித்தது. லினக்ஸ் கருநிரலில் 2004 முதலே, நிரலை அனுப்புபவர் ‘இதை அளிக்க எனக்கு உரிமை உண்டு’ என்று பெயரிட்டு உறுதி கூற வேண்டும். கருவி அவ்வுறுதியைக் கூற இயலாது. மனிதரே கூற வேண்டும். கருவியின் உதவியைத் தனி வரியில் குறிப்பிடலாம்.

இது நமக்குப் புதிதன்று. சோழர் கால ஆவணக் கல்வெட்டுகள் பலவற்றின் இறுதியில், இது இன்னார் எழுத்து என்று ஒப்பமிட்டோர் பெயர்கள் வரக் காணலாம். பெயரிடுதல் என்பது பொறுப்பேற்றல் அன்றோ?

ஆகவே நிரல் அனுப்பும்போது மூன்றைக் கூறுங்கள்: எந்தக் கருவி, எந்தப் பகுதிக்கு, நீங்கள் சோதித்தது என்ன. உண்மையைச் சொன்னதால் சில திட்டங்கள் உங்கள் நிரலை மறுக்கலாம். மறுக்கட்டும், உங்கள் சொல்லின் மேல் அவர்களுக்குள்ள நம்பிக்கை குறையாது. ஒவ்வொரு வரியையும் உங்களால் விளக்க முடியுமானால் மட்டுமே அனுப்புங்கள். அதற்கு முன் கீழப்பழுவூர் என்று கொடுத்துப் பாருங்கள். 7 என்று விடை வருகிறதா?