பெரிய ரூம் யாருக்கு?

மூன்று பேர் சேர்ந்து ஒரு வீடு பிடிக்கிறீர்கள். சென்னையில் ஓஎம்ஆர் பக்கம், பெருங்குடியோ துரைப்பாக்கமோ. மூன்று பெட்ரூம், மாத வாடகை 30,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். பேச்சிலர் என்றதும் முகம் சுளிக்காத ஓனர் கிடைத்த சந்தோஷத்தில் அட்வான்ஸையும் கொடுத்தாயிற்று. சாவி கைக்கு வந்த அன்று சாயங்காலம்தான் அந்தக் கேள்வி எழும். பால்கனியும் அட்டாச்டு பாத்ரூமும் உள்ள பெரிய ரூம் யாருக்கு?

“ஆளுக்குப் பத்தாயிரம், முடிஞ்சுது மச்சான்” என்று ஒருவர் சொல்வார். பெரும்பாலும் பெரிய ரூமில் ஏற்கெனவே பையை வைத்துவிட்டவர்தான் அதைச் சொல்வார். மற்ற இருவருக்கும் காசு விஷயத்தைப் பேசக் கூச்சம், தலையாட்டிவிடுவார்கள். அந்தக் கூச்சம் இரண்டு மூன்று மாதம் கழித்து வேறு வழியில் வெளியே வரும். பாத்திரம் யார் கழுவுவது, சிலிண்டர் யார் புக் பண்ணுவது, தண்ணி கேனுக்கு யார் காசு கொடுத்தது என்று. அப்போது நடக்கிற சண்டைக்கும் சிலிண்டருக்கும் சம்பந்தமே இருக்காது.

கொஞ்சம் விவரமானவர்கள் டேப் எடுப்பார்கள். பெரிய ரூம் 14க்கு 12, அதாவது 168 சதுர அடி. நடு ரூம் 12க்கு 10, 120. சின்ன ரூம் 9க்கு 8, 72. மொத்தம் 360. வாடகையை இந்தக் கணக்கில் பிரித்தால் 14,000, 10,000, 6,000. உடனே ஒரு ஆட்சேபம் வரும். ஹாலும் கிச்சனும் எல்லாருக்கும் பொதுதானே, சின்ன ரூம்காரர் மட்டும் அதில் ஐந்தில் ஒரு பங்கா புழங்கப்போகிறார்? நியாயமான ஆட்சேபம். வாடகையில் பாதி பொது இடத்துக்கு என்று ஒதுக்கி ஆளுக்கு 5,000 போட்டு, மீதியை மட்டும் சதுர அடிப்படி பிரித்தால் 12,000, 10,000, 8,000 என்று வரும். ஒரு ரூமில் இரண்டு பேர் தங்குகிற வீடுகளுக்கு இந்த முறை கைகொடுக்கும். பொது இடம் தலைக்கு, பெட்ரூம் ரூமுக்கு.

ஆனால் டேப்புக்குத் தெரியாதது நிறைய இருக்கிறது. நடு ரூமின் சுவர் மேற்குப் பார்த்தது. ஏப்ரல் மே மாதத்தில் ராத்திரி பத்து மணிக்கும் அந்தச் சுவரில் கை வைக்க முடியாது. சின்ன ரூமின் ஜன்னல் இரண்டு கட்டடங்களுக்கு இடையிலுள்ள சந்தைப் பார்க்கிறது. பட்டப்பகலிலும் லைட் போட வேண்டும். புரோக்கர் அந்த ரூமை மட்டும் வேகமாகக் காட்டிவிட்டு நகர்ந்திருப்பார். ஆனால் நைட் ஷிப்ட் முடித்து காலை எட்டு மணிக்கு வந்து படுப்பவருக்கு அந்த இருட்டுதான் சொர்க்கம். ரூமுக்கென்று ஒரு விலை கிடையாது, ஆளுக்கு ஆள் அது மாறும். அதனால் ரூமை அளப்பதைவிட ஆட்களைக் கேட்பது நல்லது.

எப்படிக் கேட்பது? கணக்கு வாத்தியார்களே இதைப் பற்றி யோசித்திருக்கிறார்கள். பிரான்சிஸ் சூ என்ற அமெரிக்கக் கணிதப் பேராசிரியரிடம் அவருடைய நண்பர் கேட்டது கிட்டத்தட்ட நம் கேள்விதான். புது வீட்டுக்குப் போகிறோம், ரூம்கள் ஒன்றுபோல் இல்லை, ஆளுக்கொரு ரூம் பிடித்துப்போகிற மாதிரி வாடகையைப் பிரிக்க எப்போதும் வழி உண்டா? 1999இல் வெளிவந்த கட்டுரையில் சூ, உண்டு என்று நிரூபித்தார். அதற்கு அவர் பயன்படுத்தியது எமானுவேல் ஸ்பெர்னர் என்ற ஜெர்மானியர் 1928இல் கண்டுபிடித்த ஒரு முக்கோணத் தேற்றம். வாடகை பிரிப்பதற்கென்று யோசித்த தேற்றமே இல்லை அது. நிபந்தனைகள் ரொம்ப எளிமை. வாடகையை எப்படிப் பிரித்தாலும் ஏதாவது ஒரு ரூமை எடுத்துக்கொள்ளலாம் என்று எல்லாரும் நினைக்க வேண்டும். ஒரு ரூம் சும்மா கிடைத்தால், காசு கொடுத்து எடுக்கும் ரூமைவிட அதையே விரும்ப வேண்டும். நம் ஊர் பேச்சிலர்களுக்கு இரண்டாவது நிபந்தனையைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

நியாயத்துக்கு அவர் வைத்த சோதனை எனக்குப் பிடித்தது. பிரித்து முடித்தபின் ஒவ்வொருவரிடமும் கேளுங்கள்: “இந்த விலைக்கு இந்த ரூம், அந்த விலைக்கு அந்த ரூம். மாத்திக்கிறியா?” மூன்று பேருமே வேண்டாம் என்றால் பிரிப்பு சரி. யாருக்கு எவ்வளவு சதுர அடி என்ற பேச்சே அதில் இல்லை.

தேற்றம் தெரியாமலே இதை டீக்கடை பெஞ்சில் செய்து பார்க்கலாம். ஆளுக்குப் பத்தாயிரம் என்றே தொடங்குங்கள். எந்த ரூம் வேண்டும் என்று எல்லாரும் ஒரே நேரத்தில் விரலை நீட்டட்டும். மூன்று விரலும் பெரிய ரூமைக் காட்டும். அதன் விலையை 500 ஏற்றி, மற்ற இரண்டிலும் 250 குறைத்து மறுபடி கேளுங்கள். ஏற்றிக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் ஒரு விரல் இறங்கிவிடும், பிறகு இன்னொன்று. மீதி இரண்டு பேரும் ஒரே ரூமுக்கு மோதினால் அதை ஏற்றி மற்றதைக் குறையுங்கள். மூன்று விரலும் மூன்று ரூமைக் காட்டும்போது நிறுத்துங்கள்.

இன்னொரு வழி துண்டுச்சீட்டு. ஒவ்வொருவரும் மூன்று ரூமுக்கும் தன் மனசிலுள்ள விலையை எழுத வேண்டும். கூட்டினால் சரியாக 30,000 வர வேண்டும். வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் ஐடிக்காரர் பெரிய ரூமுக்கு 16,000, நடுவுக்கு 9,000, சின்னதுக்கு 5,000 என்று எழுதுகிறார். டிஎன்பிஎஸ்சி தேர்வுக்குப் படிப்பவர் 12,000, 10,000, 8,000. நைட் ஷிப்ட்காரர் 11,000, 9,000, 10,000. இருட்டு ரூமுக்கு அவர் போட்ட விலையைப் பாருங்கள்.

எந்தப் பொருத்தத்தில் கூட்டுத்தொகை அதிகம் வருகிறதோ அப்படி ரூமைக் கொடுக்க வேண்டும். ஐடிக்காரருக்குப் பெரியது, டிஎன்பிஎஸ்சிக்காரருக்கு நடு, நைட் ஷிப்ட்காரருக்குச் சின்னது: 16, 10, 10, ஆக 36,000. எல்லாரும் 30,000க்கே எழுதியிருப்பதால், மிகச் சிறந்த பொருத்தத்தின் கூட்டுத்தொகை வாடகைக்குக் கீழே போகவே போகாது. இங்கே 6,000 மிச்சம். அதை ஆளுக்கு 2,000 என்று கழித்தால் 14,000, 8,000, 8,000. யாரும் யார் ரூமையும் பார்த்து ஏங்கவில்லை, சீட்டை வைத்தே சரிபார்த்துக்கொள்ளலாம். 120 சதுர அடிக்கும் 72 சதுர அடிக்கும் ஒரே வாடகை! டேப் சொன்ன 14,000, 10,000, 6,000க்குப் போயிருந்தால், டிஎன்பிஎஸ்சிக்காரர் 8,000 மதிப்புப் போட்ட சின்ன ரூம் 6,000க்குப் போவதைப் பார்த்து தினமும் வயிறெரிந்திருப்பார்.

எல்லா வீட்டிலும் இப்படிச் சமமாகக் கழித்தால் போதும் என்று நினைத்துவிட வேண்டாம். சில வீடுகளில் கழித்தபின்னும் ஒருவருக்கு அடுத்த ரூம்மேல் கண் போகும். அப்போது சில நூறு ரூபாயை அங்குமிங்கும் நகர்த்த வேண்டும். இந்த நகர்த்தலைச் செய்துதர அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தினர் 2014இல் ஸ்பிளிடிட் என்று ஒரு இணையதளமே தொடங்கினார்கள். யாரும் ஏங்காத பிரிப்புகளில், தன் மனசு விலையிலிருந்து மிகக் குறைவாக மிச்சம் பிடிக்கிறவருக்கு முடிந்தவரை அதிக மிச்சம் கிடைக்கும் பிரிப்பைத் தேர்ந்தெடுப்பதுதான் அவர்கள் வகுத்த விதி.

இங்கேதான் ஒரு சூட்சுமம். இதே மூன்று பேரையும் விரல் நீட்டச் சொன்னால் 11,500, 9,250, 9,250 என்ற இடத்திலேயே மூன்று விரலும் பிரிந்துவிடும். அங்கேயும் யாருக்கும் ஏக்கமில்லை. ஆனால் ஐடிக்காரர் தன் மனசு விலையிலிருந்து 4,500 மிச்சம் பிடிக்கிறார், மற்ற இருவருக்கும் 750 ரூபாய்தான். ஏக்கமில்லாத பிரிப்பு ஒன்றே ஒன்று என்றில்லை, பல இருக்கலாம். அவற்றில் எது என்பது பேரம். நான் சீட்டுக் கட்சி. ஐடிக்காரர் விரல் கட்சியில்தான் இருப்பார், அவர்மேல் தப்புச் சொல்ல முடியாது.

சீட்டை எல்லாரும் ஒரே நேரத்தில் திறக்க வேண்டும். மற்றவர்கள் எழுதியது முன்பே தெரிந்தால் ஐடிக்காரர் 16,000க்குப் பதில் 13,000 எழுதி அதே ரூமை மலிவாகப் பிடித்துவிடுவார். ரொம்ப இறக்கி எழுதினால் ரூமே கைநழுவும் என்ற பயம்தான் ஓரளவு கட்டுப்பாடு.

எனக்கு உறுத்துகிற குறை வேறு. சீட்டில் எழுதும் தொகை ஆசையை மட்டும் காட்டாது, பர்ஸையும் காட்டும். சம்பளம் இல்லாமல் படிக்கிறவர் பெரிய ரூமை எவ்வளவு விரும்பினாலும் 16,000 எழுத மாட்டார். கணக்கு அதை “அவருக்கு அவ்வளவாக விருப்பமில்லை” என்று எடுத்துக்கொள்ளும். நண்பனுக்கு உதவ வேண்டுமென்றால் தாராளமாக உதவுங்கள், ஆனால் வாடகைக் கணக்குக்குள் ஒளித்து வைக்காதீர்கள். “வேலை கிடைக்கிற வரைக்கும் உன் பங்குல ஆயிரம் நான் போடுறேன்டா” என்று தனியாகச் சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் கொடுத்தவர் சொல்லிக்காட்டுவார், வாங்கியவர் ஹால் டிவி ரிமோட்டைக்கூடத் தொடத் தயங்குவார்.

அட்வான்ஸையும் வாடகை பிரித்த அதே விகிதத்தில் போடுங்கள். சென்னையில் பத்து மாத வாடகையை அட்வான்ஸாகக் கேட்பது வெகுநாள் வழக்கம். 2019இல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம், வேறு ஒப்பந்தம் இல்லாதபோது மூன்று மாதத்துக்குமேல் கேட்கக் கூடாது என்கிறது. எதுவானாலும், யார் எவ்வளவு போட்டார் என்று வாட்ஸ்அப் குரூப்பில் எழுதி வையுங்கள். ஒருவர் பாதியில் கிளம்பினால் ஓனர் அவருடைய பங்கைத் தனியாக எடுத்துத் தரமாட்டார். புதிதாக வருகிறவர் கொடுப்பதுதான் கிளம்புகிறவர் கைக்குப் போகும். காலி பண்ணும்போது பெயின்ட் அடிக்க ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொண்டால் அதில் முன்பே போனவரின் பங்கு என்ன என்பதையும் முதலிலேயே பேசிவிடுங்கள்.

ஈபி பில்லை வாடகையோடு சேர்க்கவே சேர்க்காதீர்கள். தமிழ்நாட்டில் வீட்டு மின்சாரத்துக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ரீடிங், முதல் 100 யூனிட் இலவசம், அதற்குமேல் ஏற ஏற யூனிட் விலையும் ஏறும். 500ஐத் தாண்டினால் கீழ் அடுக்கு யூனிட்டுகளில் சிலவற்றின் விலையும் கூடிவிடும். ஒருவர் ராத்திரி முழுக்க ஏசி ஓட்டுவதால், ஃபேன் மட்டும் போடுகிறவரின் யூனிட்டும் விலையேறுகிறது என்று அர்த்தம். ஏசிக்கு ஒரு சப்-மீட்டர் போட்டு, அந்த யூனிட்டுகளைப் பில்லின் உச்ச விலையில் கணக்கிட்டு ஏசிக்காரரிடம் வாங்குங்கள். இலவச 100 யூனிட் எல்லாருக்கும் பொது.

கடைசியாக ஒன்று, இதைச் சீட்டு எழுதுவதற்கு முன்பே விசாரிக்க வேண்டும். பழைய வருமான வரி முறையில் இருப்பவர் தன் பங்கு வாடகைக்கு எச்ஆர்ஏ (வீட்டு வாடகைப்படி) விலக்கு கேட்கலாம். அதற்கு அவர் பெயரில் தனி ரசீது வேண்டும். வருஷ வாடகை ஒரு லட்சத்தைத் தாண்டினால் ஓனரின் பான் நம்பரும் வேண்டும். மாதம் 8,000 கொடுக்கும் நைட் ஷிப்ட்காரருக்கு வருஷத்துக்கு 96,000தான், பான் இல்லாமலே தப்பித்துவிடுவார். 14,000 கொடுப்பவருக்கு 1,68,000 ஆகிறது. பான் கேட்டாலே பேச்சை மாற்றுகிற ஓனர்கள் நம் ஊரில் நிறைய. விலக்கு கிடைக்கும் என்ற நினைப்பில்தான் ஐடிக்காரர் பெரிய ரூமுக்கு 16,000 எழுதினார் என்றால், ஓனர் கையை விரித்த பிறகு அவர் எழுதப்போகிற தொகையே வேறு.