வாரத்தில் நாலு முட்டை

பெங்களூருக்கு வெளியே சந்தாபுரா சர்க்கிளில், ஆனேக்கல் பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்கள் டீ குடிக்கிற கடை. பொம்மசந்திராவில் ஃபேக்டரி வேலை பார்க்கும் கிருஷ்ணகிரிக்காரர் ஒருவர் கேட்டார். "எம் பொண்ணு இங்க கவர்மென்ட் ஸ்கூல்ல படிக்குது சார். வாரத்துல ஆறு நாளும் முட்டை போடறாங்க. அதுல பாதிக்கு மேல ஒரு கம்பெனி முதலாளி காசுன்னு சொல்றாங்களே, நெசமா? அப்போ கவர்மென்ட் எதுக்கு இருக்கு?"

நிஜம்தான். கர்நாடகத்தில் அரசுப் பள்ளிகளிலும் உதவிபெறும் பள்ளிகளிலும் பத்தாம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைகளுக்கு, வாரம் இரண்டு நாள் முட்டை அரசுச் செலவு. மீதி நாலு நாளுக்கு அஸீம் பிரேம்ஜி ஃபவுண்டேஷன் பணம் தருகிறது. 2024 இல் போட்ட ஒப்பந்தம், மூன்று வருடத்துக்கு, சுமார் 1,500 கோடி ரூபாய். ஏறக்குறைய 55 லட்சம் பிள்ளைகள். முட்டை சாப்பிடாத வீட்டுப் பிள்ளைக்கு வாழைப்பழமோ கடலை மிட்டாயோ உண்டு.

அந்தப் பணம் எங்கிருந்து வருகிறது என்றால், விப்ரோ கம்பெனியிலிருந்து. அதன் முதலாளி பிரேம்ஜி தன் பங்குகளின் பலனைக் கொஞ்சம் கொஞ்சமாக அறக்கட்டளைக்கு எழுதிவைத்துக்கொண்டே வந்தார். 2019 மார்ச்சில் அது கம்பெனியின் 67 சதவீதத்தைத் தொட்டது. அன்றைய மதிப்பில் எல்லாம் சேர்த்து சுமார் 1.45 லட்சம் கோடி ரூபாய். அதாவது விப்ரோ டிவிடெண்டு கொடுத்தால் அதில் பெரும்பங்கு போய்ச் சேரும் இடம் இந்த அறக்கட்டளை. சர்ஜாபுரா பக்கம் இருக்கும் அவர்களுடைய பல்கலைக்கழகமும் இதே பணத்தில் நடப்பதுதான். இதைப் பெரிய மனசு என்று சொல்வதில் எனக்குத் தயக்கமே இல்லை. மத்தியானம் ஒரு அவித்த முட்டை கிடைக்கிற பிள்ளைக்கு, அது யார் காசு என்பது பசியோடு சம்பந்தப்பட்ட விஷயமும் இல்லை.

இரண்டாவது கேள்விதான் முக்கியமானது. அதற்குப் பதில் இங்கிருந்து அரைமணிப் பயணத்தில் இருக்கிறது. அத்திப்பள்ளி எல்லையைத் தாண்டி ஓசூரில் ஒரு அரசுப் பள்ளிக்குப் போய்ப் பாருங்கள். அங்கேயும் முட்டை உண்டு, பள்ளி நடக்கும் ஐந்து நாளும். அதற்கு எந்த முதலாளியும் பணம் தரவில்லை, தமிழ்நாட்டு பட்ஜெட் தருகிறது. 1989 இல் இரண்டு வாரத்துக்கு ஒரு முட்டை என்று கலைஞர் ஆட்சியில் ஆரம்பித்து, 2010 வாக்கில் வாரம் ஐந்து என்று ஆனது. நடுவில் ஆட்சி எத்தனையோ முறை மாறியது. தட்டிலிருந்து முட்டையை எடுக்க யாருக்கும் துணிச்சல் வரவில்லை.

ஆனால் தமிழ்நாட்டிலும் இது அரசாங்கப் பணத்தில் மட்டும் பிறந்ததல்ல என்பதைச் சொல்லியாக வேண்டும். 1920 இல் தியாகராயச் செட்டியார் தலைமையில் சென்னை மாநகராட்சி ஆயிரம் விளக்குப் பள்ளியில் சாப்பாடு போட்டுப் பார்த்தது. பிறகு காமராசர் காலம், 1956. கல்வி இயக்குநராக இருந்த நெ.து. சுந்தரவடிவேலு ஊர் ஊராகப் போய்க் கேட்டார். ஒருவர் அரிசி கொடுத்தார், ஒருவர் காய்கறி, ஒருவர் பாத்திரம். அடுத்து வந்த பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில் பெஞ்சு, கடிகாரம், சீருடை, பள்ளிக்கு நிலம் என்று ஊர்க்காரர்கள் அள்ளிக் கொடுத்தார்கள். ஊர் முதலில் கொடுத்தது; அரசு பின்னால் வந்து செலவின் பெரும்பங்கை ஏற்றது. 1982 இல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவாக விரித்தார். 2001 நவம்பரில் உச்ச நீதிமன்றம், நாடு முழுவதும் அரசு ஆரம்பப் பள்ளிகளில் சமைத்த உணவு தரவேண்டும் என்று உத்தரவிட்டது. 2013 இல் உணவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. ஊரார் அளந்து போட்ட அரிசி கடைசியில் பிள்ளையின் உரிமையாக மாறிவிட்டது. சமூக மாற்றம் என்று நான் சொல்வது இதைத்தான்.

கொடை எல்லா நாட்டிலும் இந்த வழியில் தானாகப் போய்விடவில்லை; நிபந்தனை போட்டு அரசை உள்ளே இழுத்த கொடையாளிகளும் உண்டு. அமெரிக்க எஃகு முதலாளி ஆண்ட்ரூ கார்னகி பல நாடுகளில் 2,500க்கு மேற்பட்ட நூலகங்களுக்குப் பணம் கொடுத்தார். அவர் போட்ட நிபந்தனையைக் கவனியுங்கள்: கட்டடத்துக்கு நான் தருகிறேன், ஆனால் அந்தத் தொகையில் பத்தில் ஒரு பங்கை வருடா வருடம் வரிப்பணத்திலிருந்து நூலகத்துக்குச் செலவழிப்பதாக உங்கள் நகரசபை உறுதிதர வேண்டும். பல ஊர்கள் ஒப்புக்கொண்டன. அவர் போய் நூறு வருடம் ஆன பிறகும் அந்த நூலகங்களில் பல நடக்கின்றன. அதே கார்னகியின் ஹோம்ஸ்டெட் ஆலையில்தான் 1892 இல் சம்பளக் குறைப்பை எதிர்த்த தொழிலாளிகளை, ஆலையைப் பூட்டி வெளியே நிறுத்தினார்கள்; துப்பாக்கிச் சண்டையில் உயிர்கள் போயின. இரண்டையும் சேர்த்துத்தான் அந்த மனிதரைப் படிக்க வேண்டும். நூலகம் கட்டியதால் கூலியைக் குறைத்தது சரியாகிவிடாது.

ஜூலியஸ் ரோசன்வால்ட் என்ற இன்னொருவர், அமெரிக்கத் தென்மாநிலங்களில் கறுப்பினப் பிள்ளைகளுக்கு ஐயாயிரத்துக்கு நெருக்கமான பள்ளிகள் எழ உதவினார். முழுப் பணமும் தரமாட்டார். கறுப்பின மக்கள் தங்கள் பங்காகப் பணமோ நிலமோ உழைப்போ போட வேண்டும், உள்ளூர் அரசும் போட வேண்டும். தன் நிதியை என்றென்றும் வைத்திருக்கக் கூடாது, குறிப்பிட்ட காலத்துக்குள் செலவழித்துத் தீர்க்க வேண்டும் என்றும் எழுதிவைத்தார். 1948 இல் அப்படியே அது மூடப்பட்டது.

கொடையாளியிடமே எல்லாம் நின்றுவிட்டால் வரும் சிக்கல் என்ன என்பதற்கு வெளிநாடு போக வேண்டாம். 2000 இல் பெங்களூரு இஸ்கான் தொடங்கிய அட்சய பாத்திரம், அரசு மானியமும் நன்கொடையும் சேர்த்து நாடெங்கும் லட்சக்கணக்கான பிள்ளைகளுக்குச் சாப்பாடு போடுகிறது. பெரிய வேலை. ஆனால் அவர்கள் சமையலில் முட்டை கிடையாது, இங்கே வெங்காயம் பூண்டும் சேர்ப்பதில்லை. அது அவர்கள் நம்பிக்கை. ஒரே ஊரில் ஒரு கொடையாளி முட்டை தருகிறார், இன்னொரு கொடையாளி தருவதில்லை. இரண்டு பேரும் நல்லவர்களே. ஆனால் உங்கள் பெண் என்ன சாப்பிட வேண்டும் என்பதை அவர்களில் யாராவது தீர்மானிப்பதா, நீங்கள் ஓட்டுப் போட்டு அனுப்பியவர்கள் தீர்மானிப்பதா? ஓட்டுக்குப் பதில் சொல்ல வேண்டியவரை நீங்கள் கேள்வி கேட்கலாம். கொடுத்தவரிடம் நன்றி மட்டும்தான் சொல்ல முடியும்.

இன்னொரு கொடையாளியையும் யாரும் கணக்கில் எடுப்பதில்லை. 2024 இல் ஒரு முட்டைக்குப் பள்ளிக்குக் கிடைத்தது ஆறு ரூபாய். வாங்குவது, வேகவைப்பது, உரிப்பது எல்லாம் அதற்குள். நாமக்கல்லில் முட்டை விலை ஏறும் மாதங்களில் இங்கே தலைமையாசிரியரின் கைக்காசு கரைகிறது. நூற்றுக்கணக்கான முட்டையைச் சூட்டோடு உரித்து, உடைந்ததைத் தனியே எடுத்து வைக்கும் சமையல் அம்மாக்களின் கைவேலைக்குக் கிடைப்பது சில்லறை. அவர்களும் தினமும் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள், யாரும் பேர் போடாமல்.

கொடைப் பணத்தால் சில வேலைகளைச் செய்யவே முடியாது என்பதற்கும் இந்த ஊரிலேயே சாட்சி இருக்கிறது. பக்கத்து கியாலசனஹள்ளியில் 36 ஏக்கர் ஏரியை, சன்சேரா கம்பெனி கொடுத்த சி.எஸ்.ஆர். எனும் சமூகப் பொறுப்புப் பணத்தில், அங்கே எஞ்சினியராக இருந்த ஆனந்த் மல்லிகவாட் ஊர்க்காரர்களைச் சேர்த்துக்கொண்டு 2017 இல் தூர்வாரினார். தண்ணீர் வந்தது, பறவைகள் வந்தன. இந்தச் சந்தாபுரா ஏரியோ சாக்கடையும் ஆலைக் கழிவும் விழுந்து நாறியது. 2022 அக்டோபரில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் இதைத் தடுக்காததற்காகக் கர்நாடக அரசுக்கு 500 கோடி ரூபாய் இழப்பீடு விதித்தது. மண்ணை அள்ள நன்கொடை போதும். கழிவைக் கொட்டுகிற ஆலையின் குழாயை அடைக்க, சட்டத்தின் கை வேண்டும். 2014 ஏப்ரல் முதல் பெரிய கம்பெனிகள் லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகத்துக்குச் செலவழிக்க வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. மீதி 98 சதவீதத்தை எப்படிச் சம்பாதிக்கிறார்கள் என்று கேட்கிற வேலை அரசுடையது.

ஆகவே அந்த நண்பருக்கும் உங்களுக்கும் சொல்வது ஒன்று. முட்டை ஒப்பந்தம் மூன்று வருடத்துக்குத்தான், 2027 இல் முடிகிறது. உங்கள் பிள்ளை படிக்கும் பள்ளியில் எஸ்.டி.எம்.சி. என்று பள்ளி மேம்பாட்டுக் கமிட்டி ஒன்று உண்டு, அதில் பெரும்பாலும் பெற்றோர்தான் உறுப்பினர்கள். கன்னடம் சரளமாக வராது என்று தமிழ்க் குடும்பங்கள் ஒதுங்கி நிற்பதை நிறையப் பார்க்கிறேன். ஒதுங்காதீர்கள். அடுத்த கூட்டத்துக்குப் போய், ஆறு நாள் முட்டையையும் மாநில பட்ஜெட்டிலேயே சேர்க்கச் சொல்லி தீர்மானம் எழுதி, ஆனேக்கல் எம்.எல்.ஏ.வுக்கும் கல்வி அலுவலகத்துக்கும் இப்போதே அனுப்பச் சொல்லுங்கள்.