தானாக ரீஸ்டார்ட் ஆகும் கணினி: உத்தரவிடுவது யார்?

கடிதம் பாதி தட்டச்சாகியிருக்கும்போதே திரை கறுத்து, கணினி முதலிலிருந்து எழத் தொடங்குகிறது. ஒருமுறை என்றால் மின்தடை என்று விட்டுவிடலாம். அடிக்கடி நடந்தால் பலர் வைரஸைச் சந்தேகித்து, விண்டோஸை அழித்துவிட்டு மறுபடி ஏற்றுகிறார்கள். அது வீண் வேலையாகவே முடிவதுண்டு. கணினிக்குள் ஆபத்தைக் கண்டதும் எல்லாவற்றையும் நிறுத்தும் காவல் ஏற்பாடுகள் சில இருக்கின்றன. அவற்றில் எது செயல்பட்டது என்று தெரிந்தால் பழுது இருக்கும் இடமும் தெரிந்துவிடும்.

முதல் காவல் மின்சாரத்துக்கு. எஸ்.எம்.பி.எஸ். பெட்டி, 230 வோல்ட் மாறுதிசை மின்சாரத்தை 12, 5, 3.3 வோல்ட் நேர்மின்சாரமாக மாற்றித் தருகிறது. ஸ்விட்சை அழுத்தியவுடன் பிராசசர் ஓடத் தொடங்குவதில்லை. மின்னழுத்தங்கள் நிலைபெறும்வரை மதர்போர்டு அதை நிறுத்தியே வைத்திருக்கும். எல்லாம் சரியானதும் எஸ்.எம்.பி.எஸ்ஸிலிருந்து தனிக் கம்பி ஒன்றில் ‘பவர் குட்’ என்ற 5 வோல்ட் சமிக்ஞை வரும். அதன் பிறகுதான் பிராசசர் தன் முதல் கட்டளையைப் படிக்கும். இடையில் எப்போதாவது மின்னழுத்தம் எல்லைக்குக் கீழே சரிந்தால் அந்தச் சமிக்ஞை நின்றுவிடும். உடனே ரீசெட்! எழுதிக்கொண்டிருந்த கடிதத்தைச் சேமிக்க அவகாசம் கிடையாது.

எஸ்.எம்.பி.எஸ்ஸில் உள்ள பெரிய கெபாசிட்டர், வரும் மின்சாரம் அறுந்தாலும் சுமார் 16 மில்லி விநாடி தாக்குப்பிடிக்கும்படி வடிவமைக்கப்படுகிறது. நம் வீட்டு மின்சாரத்தின் ஓர் அலைச்சுற்றுக்கு 20 மில்லி விநாடி. அதாவது, மின்விளக்கு சிமிட்டியதா என்று கண் உணர்வதற்குள் கணினி விழுந்துவிட முடியும். சாதாரண யு.பி.எஸ். பேட்டரிக்கு மாறச் சில மில்லி விநாடிகள் எடுத்துக்கொள்கிறது. நல்ல எஸ்.எம்.பி.எஸ். அந்த இடைவெளியைத் தாண்டிவிடும். ஆண்டுக்கணக்கில் சூட்டில் காய்ந்து கெபாசிட்டர் வலுவிழந்திருந்தால் தாண்டாது. யு.பி.எஸ். வைத்த வீட்டிலும் கரண்ட் போகும்போது கணினி ரீஸ்டார்ட் ஆவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

இரண்டாவது காவல் வெப்பத்துக்கு. பல பிராசசர்கள் 100 டிகிரி செல்சியஸை நெருங்கும்போது வேகத்தைத் தாங்களே குறைத்துக்கொள்கின்றன. அப்படியும் சூடு ஏறினால் தங்களையே அணைத்துக்கொள்கின்றன. தூசி அடைத்த மின்விசிறியும் உலர்ந்துபோன தெர்மல் பேஸ்ட்டும் வழக்கமான காரணங்கள். கேம் தொடங்கிய மறுகணமே விழுந்தால் மின்சாரத்தைச் சந்தேகிக்கலாம். இருபது நிமிடம் ஓடிய பின் விழுந்தால் வெப்பத்தை.

மூன்றாவது காவல் விண்டோஸே. தன் அடிப்படைத் தகவல்களில் ஏதோ சிதைந்திருப்பதைக் கண்டால் அது தொடர்ந்து ஓடாது. தவறான தகவலோடு ஓடினால் டிஸ்கில் உள்ள கோப்புகளும் கெட்டுப்போகலாம் என்பதால் நீலத்திரையைக் காட்டிவிட்டு ரீஸ்டார்ட் செய்துகொள்கிறது. டிரைவர் கோளாறு இதற்கு ஒரு காரணம். ராம் கோளாறு இன்னொன்று.

ராமின் ஒவ்வொரு பிட்டும் நுண்ணிய கெபாசிட்டர் ஒன்றில் தேங்கிய மின்னூட்டம். 8 ஜிபி ராமில் ஏறக்குறைய 6,870 கோடி பிட்டுகள். மின்னூட்டம் கசிந்துகொண்டே இருப்பதால், பொதுவாக 64 மில்லி விநாடிக்கு ஒருமுறை எல்லாவற்றையும் படித்துத் திரும்ப எழுத வேண்டும். 1970களின் பிற்பகுதியில் இன்டெல் நிறுவனத்தின் சிப்புகளில் காரணமே தெரியாமல் பிட்டுகள் மாறின. டிமோதி மே, முர்ரே வுட்ஸ் இருவரும் 1978இல் காரணத்தைக் கண்டுபிடித்தார்கள். சிப்பை மூடியிருந்த பீங்கான் உறையில் மிகச் சிறிய அளவில் கலந்திருந்த யுரேனியமும் தோரியமும் உமிழ்ந்த ஆல்ஃபா துகள்கள்! விண்வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்களாலும் பிட் மாறலாம் என்று மறு ஆண்டே ஜேம்ஸ் சீக்லரும் வில்லியம் லான்ஃபோர்டும் எழுதினார்கள். ஆனால் தினமும் நடக்கும் ரீஸ்டார்ட்டுக்கு வானத்தைப் பழிக்க முடியாது. கெட்டுப்போன ராமோ, அது சரியாகப் பொருந்தாத ஸ்லாட்டோதான் அங்கே குற்றவாளி.

எந்தக் காவல் செயல்பட்டது என்பதைக் கண்டறியச் சில எளிய சோதனைகள் போதும். பயாஸ் திரைக்குள் சென்று அரை மணி நேரம் அப்படியே விட்டுவையுங்கள். அங்கேயும் ரீஸ்டார்ட் ஆனால் விண்டோஸும் டிரைவரும் நிரபராதிகள், கோளாறு வன்பொருளில். ஆகாவிட்டால், விண்டோஸின் ‘ஸ்டார்ட்அப் அண்ட் ரெக்கவரி’ பகுதியில் தானாக ரீஸ்டார்ட் ஆகும் தேர்வை நீக்குங்கள். நீலத்திரை வந்தால் இனி அது நிலைத்து நிற்கும். அதிலுள்ள பிழைக்குறியைக் குறித்துக்கொள்ளலாம். ஒவ்வொரு முறையும் வேறு வேறு குறி வந்தால் விண்டோஸிலேயே உள்ள மெமரி டயக்னாஸ்டிக் கருவியால் ராமைச் சோதியுங்கள். நீலத்திரையே வராமல், ஈவன்ட் வியூவரில் ‘கெர்னல்-பவர் 41’ என்ற பதிவு மட்டும் இருந்தால், முறையாக மூடப்படாமல் கணினி நின்றிருக்கிறது என்று பொருள். அப்போது எஸ்.எம்.பி.எஸ்ஸை மாற்றிப் பார்ப்பதே சுருக்கமான வழி.

இவற்றில் இறங்குமுன் முக்கியக் கோப்புகளை வேறு டிஸ்கில் நகலெடுத்துவிடுங்கள். தூசி தட்டுவதையும் ராமைக் கழற்றி மாட்டுவதையும் ப்ளக்கைப் பிடுங்கிய பின் நீங்களே செய்யலாம். எஸ்.எம்.பி.எஸ். பெட்டியை மட்டும் ஒருபோதும் திறக்காதீர்கள். ப்ளக்கைப் பிடுங்கிய பிறகும் அதன் கெபாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் மிச்சம் இருக்கக்கூடும்.