பெடலைக் கழட்டுங்க பாஸ்!

செமஸ்டர் முடிஞ்சு பேக்கைத் தூக்கிக்கிட்டு ஊருக்கு வந்தாச்சா? ரெண்டு நாள்தான் ராஜ உபசாரம். மூணாவது நாள் காலையில, ‘சும்மாதானே கெடக்கே, புள்ளைக்கு சைக்கிளாவது கத்துக் குடேன்’னு அம்மா ஆரம்பிப்பாங்க. அக்கா பையனோ, அண்ணன் பொண்ணோ... ஏதோ ஒரு வாண்டு, பிறந்த நாளுக்கு வாங்கின சைக்கிளோட வாசல்ல ரெடியா நிக்கும். சைக்கிளுக்குப் பின்னாடி ரெண்டு பக்கமும் குட்டிச் சக்கரம்.

அந்தக் குட்டிச் சக்கரத்தைக் கழட்டினதும் நடக்கிறது எல்லா ஊர்லயும் ஒரே கதைதான். மாமாவோட ஒரு கை சீட்டுல, இன்னொரு கை ஹேண்டில்பார்ல. ‘நேராப் பாரு, மிதி, மிதி’ன்னு கத்திக்கிட்டே தெருக்கோடி வரைக்கும் குனிஞ்சபடி ஓட்டம். பத்தாவது நிமிஷம் மாமாவுக்கு முதுகு விட்டுப்போகும். வாண்டு மட்டும் கை எடுத்தா தொப்புனு விழும். ‘இது சரியான பயந்தாங்கொள்ளி’ன்னு ஒரு பட்டத்தைக் கொடுத்துட்டு மாமா மொபைலைத் தேடிப் போயிடுவார்.

தப்பு வாண்டு மேல இல்லை. பிடிச்சிருந்த அந்தக் கை மேலதான்!

காரணம் ரொம்ப சிம்பிள். உள்ளங்கையில துடைப்பக்குச்சியை நிறுத்தி விளையாடியிருப்பீங்க. குச்சி எந்தப் பக்கம் சாயுதோ, அந்தப் பக்கமே கையைக் கொண்டுபோனா அது விழாது. சைக்கிளும் அப்படித்தான். வலது பக்கம் சாயும்போது ஹேண்டிலையும் லேசா வலது பக்கமே திருப்பணும். சக்கரம் நகர்ந்து நம்ம எடைக்கு அடியில வந்துடும், வண்டி நிமிர்ந்துடும். ஓட்டத் தெரிஞ்ச எல்லாரும் இதை நிமிஷத்துக்கு எத்தனையோ தடவை, நமக்கே தெரியாம செஞ்சுக்கிட்டே இருக்கோம். இப்போ யோசிங்க. ஹேண்டிலை நீங்க இறுக்கிப் பிடிச்சுக்கிட்டா, அந்தத் திருப்பலைப் பழகப்போறது யாரு? நீங்கதான். உங்களுக்குத்தான் ஏற்கெனவே தெரியுமே!

(‘சக்கரம் சுத்தும்போது வர்ற கைரோஸ்கோப் எஃபெக்ட்தானே சைக்கிளை நிறுத்துது?’ன்னு மெக்கானிக்கல் டிபார்ட்மென்ட் நண்பர்கள் கை தூக்குவாங்க. அது உதவி செய்யும், ஆனா அது இருந்தே தீரணும்னு இல்லை. அந்த எஃபெக்ட்டைக் கழிச்சுக் கட்டின ஒரு வண்டியை நெதர்லாந்தின் டெல்ஃப்ட், அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உருவாக்கினாங்க. தள்ளி விட்டா ஆளே இல்லாம அது நிமிர்ந்து ஓடிச்சு. 2011-ல் ‘சயின்ஸ்’ இதழில் அந்தக் கட்டுரை வந்தது.)

குட்டிச் சக்கரமும் உங்க கை மாதிரிதான். வண்டியைச் சாயவே விடாது. சாயாத வண்டியில பேலன்ஸ் எங்கேருந்து வரும்? மூணு சக்கர வண்டியைத் திருப்புற மாதிரி திருப்பித்தான் குழந்தை பழகும். பெடல் மிதிக்கிறது சுலபமான வேலை, அதை முதல்ல சொல்லிக் கொடுத்துட்டு, கஷ்டமான பேலன்ஸை ‘அப்புறம் பாத்துக்கலாம்’னு தள்ளிப் போடுறோம். சிலபஸே தலைகீழ்!

சரித்திரம் போன வழி வேற. ஜெர்மனியின் மேன்ஹைம் நகரில் கார்ல் டிரைஸ் 1817 ஜூன் 12-ம் தேதி ஓட்டிக் காட்டின வண்டியில பெடலே கிடையாது. ரெண்டு மரச் சக்கரம், உட்கார ஒரு இடம், முன் சக்கரத்தைத் திருப்ப ஒரு பிடி. காலால தரையை உந்தி உந்தித்தான் போகணும். பெடல் வந்தது 1860-களில், பாரிஸில். ஆக, மனுஷன் நாற்பது வருஷத்துக்கு மேல பேலன்ஸை மட்டும் பழகிட்டுத்தான் பெடலுக்கே வந்திருக்கான்.

அவ்வளவு தூரம் ஏன்? உங்க அப்பாவைக் கேளுங்க. அவர் காலத்துல குட்டி சைக்கிளும் கிடையாது, குட்டிச் சக்கரமும் கிடையாது. மணிக்கு இவ்வளவுன்னு வாடகைக் கடையில எடுத்த ஆள் உயர சைக்கிள்தான். முதல் நாள் இடது காலை பெடல்ல வச்சு, வலது காலால தரையை உந்தி, நின்னபடியே கொஞ்ச தூரம் மிதப்பாங்க. அது கைவந்ததும், பாருக்கு அடியில காலை விட்டு குரங்கு பெடல் (இந்தப் பேர்ல 2024-ல் ஒரு படமே வந்தது). அதுக்கப்புறம்தான் சீட்டு. டிரைஸ் பேரைக் கேள்விப்படாமலே அவரோட வழியிலதான் நம்ம ஊர்ப் பசங்க போயிருக்காங்க!

சரி, இப்போ வேலைக்கு வருவோம். குட்டிச் சக்கரத்தைக் கழட்டுங்க. அது பெரும்பாலும் பின் அச்சு நட்டோட சேர்த்துத்தான் மாட்டியிருக்கும். கழட்டின பிறகு அந்த நட்டை மறுபடி நல்லா முடுக்க மறந்துடாதீங்க, இல்லேன்னா பின் வீல் ஆடும். அடுத்து ரெண்டு பெடலையும் கழட்டுங்க. பெரும்பாலும் 15 மி.மீ. ஸ்பேனர் போதும். இடது பெடல் மரை மட்டும் எதிர்ப்பக்கமா இருக்கும், தெரியாம முடுக்கித் தள்ளாதீங்க. ஸ்பேனரின் கைப்பிடி மேலே பார்த்து நிக்கும்போது அதை வண்டியோட பின்பக்கமாத் தள்ளினா, ரெண்டு பெடலுமே கழலும். வேலை நமக்கு எதுக்குன்னா, தெருமுனை சைக்கிள் கடை அண்ணன்கிட்ட கொடுங்க.

சீட்டை நல்லா இறக்குங்க. உட்கார்ந்தா ரெண்டு பாதமும் முழுசாத் தரையில படியணும். இது முக்கியம். ‘வளர்ற புள்ளை’ன்னு ரெண்டு சைஸ் பெரிசா வாங்குறது தீபாவளி டிரஸ்ஸுக்குச் சரி, சைக்கிளுக்குச் சரிப்படாது. கால் எட்டாத பயத்துல எந்தக் குழந்தையும் எதையும் கத்துக்காது. இடம், வண்டி வராத ஸ்கூல் கிரவுண்டோ, சமமான களமோ போதும். ஹெல்மெட், ஷூ போட்டுடுங்க. துப்பட்டா, பாவாடை வேண்டாம், செயின் இழுத்துக்கும்.

முதல்ல உட்கார்ந்தபடி நடக்கட்டும். கொஞ்ச நேரத்துல அதுவே ஓட ஆரம்பிக்கும். அப்புறம் ஒரு உந்து உந்திட்டு ரெண்டு காலையும் தூக்கச் சொல்லுங்க. ஒண்ணு, ரெண்டுன்னு எண்ணுங்க. இன்னிக்கு மூணு வரை எண்ண முடிஞ்சா, நாளைக்கு அஞ்சு. லேசான சரிவு கிடைச்சா இன்னும் ஜோர். நடுவுல பாட்டி வந்து, ‘மெதுவாப் போ கண்ணு’ன்னு பதறுவாங்க. பாட்டி மேல மரியாதை உண்டு, ஆனா மெதுவாப் போறதுதான் கஷ்டம்! வேகம் குறையக் குறைய ஹேண்டிலை நிறையத் திருப்ப வேண்டியிருக்கும். கொஞ்சம் வேகம் இருந்தாதான் வண்டி சொன்னபடி கேட்கும். பிரேக்கையும் இந்தக் கட்டத்துலயே பழக்கிடுங்க. நிறுத்தத் தெரிஞ்சாத்தான் வேகத்துல தைரியம் வரும்.

குழந்தை ரொம்பப் பயந்தா? பின்னாலிருந்து அக்குளுக்குக் கீழே லேசாப் பிடிங்க. ஹேண்டிலைத் தொடாதீங்க. இன்னொண்ணு, ‘பிடிச்சிருக்கேன், பிடிச்சிருக்கேன்’னு சொல்லிக்கிட்டே கையை விடுற அந்தப் பழைய தந்திரம்... எனக்கு அது பிடிக்கலை. பாதிப் பேர் அப்படித்தான் கத்துக்கிட்டோம்கிறது வாஸ்தவம். ஆனா குழந்தை திரும்பிப் பார்த்து, நீங்க பத்தடி தள்ளி நிக்கிறதைக் கண்டுபிடிச்சு, அந்த அதிர்ச்சியிலயே விழும். அதுக்கப்புறம் நீங்க எது சொன்னாலும் சந்தேகம்தான். ‘இப்போ விடப்போறேன், சரியா?’ன்னு கேளுங்க. ‘வேணாம் மாமா’ன்னா விடாதீங்க. பெடல் இல்லாத சைக்கிள்ல இந்தப் பேச்சுக்கே வேலை இல்லை. கால் தரையில இருக்கிறதால, எப்போ தூக்கலாம்னு குழந்தையே முடிவு பண்ணும்.

எவ்வளவு நாள் ஆகும்? சிலதுக்கு ஒரு சாயங்காலம், சிலதுக்கு ரெண்டு மூணு வாரம். பக்கத்து வீட்டுப் பையனோட ஒப்பிடாதீங்க. ஒப்பிட்டே ஆகணும்னா டெஸ்டின் சாண்ட்லினோட ஒப்பிடுங்க. அமெரிக்க இன்ஜினீயர். இடது பக்கம் திருப்பினா வலது பக்கம் போற மாதிரி ஹேண்டிலை மாத்தின ஒரு சைக்கிளை ஓட்ட முயற்சி பண்ணினார். எப்படித் திருப்பணும்னு மூளைக்குத் தெளிவாத் தெரியும். ஆனா உடம்பு கேட்க மறுத்துடுச்சு. தினமும் கொஞ்ச நேரம்னு பழகி, எட்டு மாசம் ஆச்சு. அவரோட சின்னப் பையன் அதே வித்தையைப் பிடிச்சது ரெண்டே வாரத்துல! 2015-ல் அவர் போட்ட அந்த யூடியூப் வீடியோ இப்பவும் இருக்கு, பாருங்க. வாண்டை ‘மக்கு’ன்னு திட்ட வாய் வராது.

வீட்டுல பையனும் பொண்ணும் இருந்தா இன்னொரு விஷயத்தைக் கவனிங்க. சைக்கிள் ஒண்ணுதான்னா அது யார் கையில இருக்கு? பையன் தெருவைச் சுத்திக்கிட்டு இருப்பான், பொண்ணு வாசப்படியில உட்கார்ந்து தன்னோட முறைக்காகக் காத்திருக்கும். 1990-களின் தொடக்கத்துல புதுக்கோட்டை மாவட்டத்துல அறிவொளி இயக்கம் எழுத்தோட சேர்த்து சைக்கிளையும் பெண்களுக்குச் சொல்லிக்கொடுத்தது. அப்போ கலெக்டர் ஷீலா ராணி சுங்கத். ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்கள், பல பேர் குழந்தைக்குத் தாயான பிறகு, முதல் தடவையா சைக்கிள் ஏறினாங்க. லேடீஸ் சைக்கிள் பத்தலை, அதனால ஜென்ட்ஸ் சைக்கிள். அதுதான் வசதின்னுகூட சிலர் சொன்னதா பத்திரிகையாளர் பி.சாய்நாத் எழுதியிருக்கார். முன்னால இருக்கிற பார்ல குழந்தையை உட்கார வச்சுக்கலாமே! பஸ்ஸுக்காகவும், கூட்டிட்டுப் போக ஒரு ஆம்பளைக்காகவும் காத்திருந்த நேரமெல்லாம் அவங்க கைக்கு வந்துச்சு. உங்க வீட்டுப் பொண்ணுக்கு அதுக்கு முப்பது வயசு ஆக வேண்டாம். ப்ளஸ் ஒன்ல அரசு சைக்கிள் கைக்கு வரும்போது, அதைத் தள்ளிக்கிட்டே வீட்டுக்கு வர்ற நிலைமையும் வேண்டாம். முதல் ரவுண்டு அவளுக்குக் கொடுங்க.

பத்து எண்ணுற வரைக்கும் கால் ஊனாம மிதக்குதா? வளைவுல தானாத் திரும்புதா? அப்போ பெடலை மாட்டிடலாம். ஒரு பெடலைக் கொஞ்சம் முன்னால தூக்கி நிறுத்தி, அதுல ஒரு காலை வச்சு அழுத்தச் சொல்லுங்க. ரெண்டாவது கால் தானா வந்து சேர்ந்துக்கும். நீங்க பக்கத்துல ஓடினாப் போதும், அதுவும் கொஞ்ச தூரம்தான். அதுக்கு மேல உங்களால ஓட முடியாது, அந்த வேகத்துல போகும். சீட்டை மறுபடி ஏத்துறதுக்கு அவசரம் வேண்டாம், ஒரு வாரம் போகட்டும். ரோட்டுக்கு மட்டும் இப்போதைக்கு விடாதீங்க. கழட்டின குட்டிச் சக்கரத்தை, பரண்ல போடாம, பழைய இரும்புக்காரர் வரும்போது எடுத்துக் கொடுத்துடுங்க.