கவிஞர் இட்ட பெயர்



பழுகாமத்திலிருந்து ஓர் அம்மம்மா எழுதிய கடிதம் இவ்வாரம் என் கைக்கு வந்தது. மகளுக்குப் பெண் குழந்தை பிறந்து மூன்று கிழமை ஆகிறதாம். முப்பத்தோராம் நாள் துடக்குக் கழித்துப் பெயர் சூட்ட வேண்டும். மருமகன் ருஷ்ய நாவல்களைத் தமிழில் தேடித் தேடி வாசிக்கிறவர். பிள்ளைக்கு 'ஸ்வெத்லானா' என்றுதான் பெயர் என்று பிடிவாதமாக நிற்கிறாராம். அம்மம்மா மூன்று கேள்விகளைக் கேட்டிருக்கிறார். அந்தப் பெயருக்குப் பொருள் என்ன? அது எந்தச் சாமியின் பெயர்? அந்தப் பெயரோடு வாழ்ந்தவர்கள் நன்றாக இருந்தார்களா?

இலக்கிய நிகழ்ச்சியிலே குழந்தைக்குப் பெயர் பார்ப்பதா என்று நீங்கள் நினைக்கக்கூடும். ஆனால் இந்தப் பெயர் பிறந்ததே ஒரு கவிதையில்தான். ஆகவே இன்றைய உரையை அந்தப் பெயருக்கே ஒதுக்குகிறேன்.

முதலாவது கேள்விக்கு விடை எளிது. ருஷ்ய மொழியில் 'ஸ்வெத்' என்றால் ஒளி. ஸ்வெத்லானா என்பவள் ஒளி பொருந்தியவள். இந்தச் சொல் நமக்கு முற்றிலும் அந்நியமானதுமன்று. வெண்மையைக் குறிக்கும் 'சுவேத' என்ற வடசொல்லும் ருஷ்ய 'ஸ்வெத்' என்பதும் ஒரே வேரிலிருந்து கிளைத்தவை என்பது மொழிநூலார் கண்ட முடிவு. ஸ்லாவிய மொழிகளும் வடமொழியும் இந்தோ-ஐரோப்பிய மொழிக் குடும்பத்தைச் சேர்ந்தவை அல்லவா? நமது பாடசாலைகளின் வரவுப் பதிவேட்டில் உள்ள சுவேதாக்கள் எல்லோரும் ஸ்வெத்லானாவுக்குத் தூரத்து உறவினர். சூரியன் எழும் திசையில் உள்ளதை எழுவான்கரை என்றும், அது படும் திசையில் உள்ளதைப் படுவான்கரை என்றும் வாவியின் இரு புறங்களுக்கும் பெயரிட்ட மக்களுக்கு, ஒளியை வைத்துப் பெயரிடுவது புதிதா என்ன?

இரண்டாவது கேள்வி, எந்தச் சாமி என்பது. எந்தச் சாமியும் இல்லை என்பதே விடை. கதை சுவைபெறுவதும் இங்கேதான்.

பழைய ஸ்லாவியப் பெயர்களிற் பல இரண்டு சொற்களை இணைத்துக் கட்டியவை. லியுத்மீலா என்றால் மக்களுக்கு இனியவள். யாரொஸ்லாவ், மிஸ்தீஸ்லாவ் முதலிய பெயர்களின் ஈற்றில் வரும் 'ஸ்லாவ்' புகழைக் குறிப்பது. 988ஆம் ஆண்டளவில் கீவ் நகரத்து அரசர் விளதீமிர் கிறிஸ்தவ சமயத்தைத் தழுவினார். ஞானஸ்நானத்தில் அவருக்கே வசீலி என்ற கிரேக்கப் பெயர் இடப்பட்டது. காலப்போக்கில், திருச்சபையின் புனிதர் நாட்காட்டியில் உள்ள பெயரையே குழந்தைக்கு இடுவது வழக்கமாயிற்று. அவற்றிற் பெரும்பாலானவை கிரேக்கம், எபிரேயம், இலத்தீன் வழிவந்த பெயர்கள். பிறந்த நட்சத்திரத்துக்குரிய எழுத்தைப் பார்த்து நாம் பெயர் தேடுவது போல, அவர்கள் நாட்காட்டியைப் பார்த்துத் தேடினார்கள்.

அந்த நாட்காட்டியில் ஸ்வெத்லானா இல்லை. பிற்காலத்தில் ஸ்லாவிய மொழிநூலின் முன்னோடிகளுள் ஒருவராக மதிக்கப்பட்ட அலெக்சாந்தர் வொஸ்தோக்கொவ், 1802இல் எழுதிய 'ஸ்வெத்லானாவும் மிஸ்தீஸ்லாவும்' என்ற கதைப்பாடலுக்காக, பழமை மணக்கும் இப்பெயரைப் படைத்துக்கொண்டார். அதனை நாடறியச் செய்தவர் வசீலி ஷுக்கோவ்ஸ்கி. அவருடைய 'ஸ்வெத்லானா' என்ற கதைப்பாடல் 1813இல் அச்சேறியது.

கதை இதுதான். கடுங்குளிர்கால இரவு. கன்னிப் பெண்கள் தமக்கு வாய்க்கப்போகும் கணவரைக் குறிபார்க்கும் இரவு அது. தூரதேசம் போன காதலனிடமிருந்து ஒரு வருடமாகச் சேதியில்லை. ஸ்வெத்லானா மெழுகுதிரியை ஏற்றிக் கண்ணாடி முன் தனியே உட்காருகிறாள். காதலன் வருகிறான், பனியில் வழுக்கி ஓடும் வண்டியில் ஏற்றிச் செல்கிறான். வண்டி ஒரு குடிசை முன் நிற்கிறது. உள்ளே ஒரு சவப்பெட்டி. அதில் கிடப்பவன் அவனேதான். ஒரு வெண்புறா அவளைக் காக்கிறது. திடுக்கிட்டு விழிக்கிறாள், அத்தனையும் கனவு. பொழுது விடிந்திருக்கிறது. காதலன் உயிரோடு வாசலில் வந்து இறங்குகிறான்.

ஜேர்மன் கவிஞர் பூர்கரின் 'லெனோரெ' இதற்கு மூலம். அங்கே அந்தப் பெண்ணை இருளே கொண்டுபோய்விடுகிறது. ஷுக்கோவ்ஸ்கி தம்முடைய பெண்ணுக்கு ஒளியைப் பெயராகக் கொடுத்தார். அதனாலோ என்னவோ, அவளை விடியலுக்கே திருப்பிக் கொண்டுவந்தும் விட்டார். போனவர் வருவாரா என்று வாசலைப் பார்த்திருக்கும் வீடுகளை அறிந்த நமக்கு, கண்ணாடி முன் அமர்ந்திருக்கும் அந்தப் பெண்ணை யாரும் விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

பாடல் மனப்பாடமாயிற்று. புஷ்கின் தமது 'எவ்கேனி ஒனேகின்' காவியத்தின் ஐந்தாம் அத்தியாயத்துக்கு முகப்பாக அதன் வரிகளை வைத்தார். 'அர்ஸமாஸ்' என்ற இலக்கியக் கழகத்து நண்பர்கள் ஷுக்கோவ்ஸ்கியையே 'ஸ்வெத்லானா' என்று அழைத்தனர். பெண்பிள்ளைகளுக்கு இடுமுன்னரே ஆண் கவிஞர் ஒருவருக்குப் பட்டப்பெயராகிவிட்டது அது! பின்னர் கப்பல்களுக்கும் இட்டார்கள். அப்பெயர் தாங்கிய போர்க்கப்பலொன்று 1905இல் சூஷிமா கடற்போரில் மூழ்கியது. லெனின்கிராட் நகரில் மின்விளக்குகளும் பழைய வானொலிப் பெட்டிகளுக்குரிய வால்வுகளும் செய்த தொழிற்சாலைக்கும் இதே பெயர்தான்.

ஆனால் ஞானஸ்நானத்தில் இந்தப் பெயர் நெடுங்காலம் செல்லுபடியாகவில்லை. மகளை ஸ்வெத்லானா என்று அழைக்க விரும்பியவர்கள் கோயிலில் 'ஃபோத்தினா' என்ற பெயரை இட்டனர். கிரேக்கத்தில் அதற்கும் ஒளி என்பதே பொருள். கிணற்றடியில் இயேசுவோடு பேசிய சமாரியப் பெண்ணுக்கு மரபு வழங்கிய பெயர் அது. ஒரு மொழியின் பெயரை இன்னொரு மொழியிற் பொருள் மாறாமல் வார்ப்பது நமக்கும் தெரிந்த வித்தைதான். வேதம் மறையாகி, அசலம் மலையாகி, வேதாசலம் மறைமலை அடிகளானார் அல்லவா?

1917ஆம் ஆண்டுப் புரட்சிக்குப் பின் பிறப்புப் பதிவு திருச்சபையின் கையிலிருந்து அரசின் கைக்கு மாறியது. நாட்காட்டிக் கட்டுப்பாடு போயிற்று. நூறு வருடங்களுக்கு மேல் புத்தகத்தில் காத்திருந்த பெயர் தொட்டிலுக்கு இறங்கியது. கல்கியின் 'பொன்னியின் செல்வன்' 1950க்கும் 1954க்கும் இடையில் தொடராக வெளிவந்த பின்னர், வானதி, பூங்குழலி என்ற பெயர்கள் நம் வீடுகளுக்குள் நுழைந்ததை இதனோடு ஒப்பிட்டுப் பாருங்கள். திரௌபதை அம்மன் கோயிலால் புகழ்பெற்றது பழுகாமம். காவியப் பாத்திரம் ஒன்று ஊரின் தாயாகவே அமர முடியும் என்பதை அந்த ஊரவர்க்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இனி மூன்றாவது கேள்வி. அந்தப் பெயரோடு வாழ்ந்தவர்கள் நன்றாக இருந்தார்களா? அம்மம்மாவுக்கு மூன்று பெண்களின் வாழ்க்கையைச் சொல்கிறேன்.

முதலாமவர் 1926இல் பிறந்த ஸ்வெத்லானா. தந்தை ஜோசப் ஸ்டாலின். தாயின் பெயர் நதேஷ்தா. நம்பிக்கை என்று பொருள். 1932இல் அந்தத் தாய் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். ஆறு வயது மகளுக்கு நோயால் இறந்தார் என்றே சொல்லப்பட்டது. பல வருடங்களின் பின் ஆங்கிலச் சஞ்சிகை ஒன்றைப் படித்துத்தான் அவர் உண்மையை அறிந்தார். 1957இல் தந்தையின் பெயரைக் களைந்து, தாயின் குடும்பப் பெயரான அல்லிலுயேவாவை ஏற்றார். இதிலே ஒரு விசித்திரத்தைக் கவனியுங்கள். 1953 மார்ச் 1ஆம் திகதி சென்னையில் பிறந்த தம் மகனுக்கு, அதே மாதம் 5ஆம் திகதி மறைந்த அந்தத் தலைவரின் நினைவாக ஸ்டாலின் என்று பெயரிட்டார் மு. கருணாநிதி. அந்த மகன் 2021இல் தமிழ்நாட்டின் முதலமைச்சரானார். இங்கே ஒரு தந்தை விரும்பி எடுத்த பெயரை அங்கே சொந்த மகள் இறக்கி வைத்தார்.

ஸ்வெத்லானாவின் வாழ்வு இந்தியாவையும் தொட்டது. இந்தியப் பொதுவுடைமையாளரான பிரஜேஷ் சிங்கை அவர் நேசித்தார். திருமணத்தைப் பதிவுசெய்ய சோவியத் அரசு இடங்கொடுக்கவில்லை. பிரஜேஷ் சிங் 1966இல் மொஸ்கோவில் காலமானார். அவருடைய அஸ்தியைக் கங்கையில் கரைப்பதற்காக உத்தரப் பிரதேசத்தின் காலாகாங்கருக்கு வந்த ஸ்வெத்லானா, 1967 மார்ச் 6ஆம் திகதி புதுடில்லியிலுள்ள அமெரிக்கத் தூதுவராலயத்துட் சென்று அடைக்கலம் கேட்டார். மொஸ்கோவில் அவருடைய இரு பிள்ளைகள் இருந்தனர். 1970இல் அமெரிக்கர் ஒருவரை மணந்து லானா பீட்டர்ஸ் ஆனார். 2011இல் விஸ்கொன்சினில் அந்தப் பெயரோடுதான் கண்ணை மூடினார். தந்தை பெயர், தாய் பெயர், கணவர் பெயர் என்று எல்லாம் மாறிய வாழ்விலே, கவிஞர் இட்ட பெயரின் கடைசித் துண்டாகிய 'லானா' மட்டும் அவரோடு நின்றது.

இரண்டாமவர் ஸ்வெத்லானா சவீத்ஸ்கயா. 1982இல் விண்வெளிக்குச் சென்ற இரண்டாவது பெண். 1984 ஏப்ரலில் இந்தியரான ராகேஷ் சர்மா தங்கியிருந்த அதே சல்யூத்-7 நிலையத்திலிருந்து, அவ்வருடம் ஜூலை 25ஆம் திகதி வெளியே வந்து விண்வெளியில் மிதந்தவாறு உலோகத்தை ஒட்டும் வேலை செய்தார். அவ்வாறு வெளியே வந்த முதற் பெண் அவரே.

மூன்றாமவர் ஸ்வெத்லானா அலெக்சியேவிச். 1948இல் உக்ரேனில் பிறந்து பெலாரஸில் வளர்ந்து ருஷ்ய மொழியில் எழுதுபவர். இரண்டாம் உலகப்போரில் பங்குகொண்ட நூற்றுக்கணக்கான பெண்களைத் தேடிச்சென்று, அவர்கள் பேசியதை ஒலிநாடாவிற் பதிந்து எழுதிய நூல் 1985இல் வெளிவந்தது. போருக்குப் பெண்முகம் இல்லை என்பது அதன் தலைப்பின் பொருள். வெற்றிகளைப் பற்றி ஆண்கள் எழுதியிருந்தனர். பெண்கள் பேசியது பசியையும், வெட்டப்பட்ட கூந்தலையும், திரும்பி வந்தபின் ஊரார் பார்த்த பார்வையையும் பற்றி. செர்னோபில் அணு உலை விபத்தில் வாழ்விழந்தோரின் குரல்களையும் அவர் அவ்வாறே திரட்டினார். 2015இல் இலக்கியத்துக்கான நோபல் பரிசு பெற்றார். 2020இல் பெலாரஸில் எழுந்த மக்கள் எதிர்ப்போடு நின்றமையால் நாட்டைவிட்டு வெளியேற நேர்ந்தது. போரைக் கண்ட வாவிக்கரைத் தாய்மாரிடம் ஓர் ஒலிப்பதிவுக் கருவியோடு யாரேனும் சென்று உட்கார்ந்தால் எத்தனை நூல்கள் எழும் என்று எண்ணாமல், அவருடைய பக்கங்களை என்னால் புரட்ட முடிவதில்லை.

அம்மா, ஒரே பெயர், மூன்று வாழ்க்கை. ஒருவர் வழிநெடுகத் துயரைச் சுமந்தார். ஒருவர் வானில் மிதந்தார். ஒருவர் பிறர் துயரைக் கேட்டு எழுதினார். பெயர் வாழ்வை எழுதுவதில்லை. வாழ்கிறவரே பெயருக்குப் பொருளைச் சேர்க்கிறார். காரைதீவில் பிறந்த மயில்வாகனம், துறவு பூண்டு 1924இல் விபுலாநந்தரானார். அவர் வாழ்ந்த வாழ்வினால் அல்லவோ அந்தப் பெயரை இன்று நம் மாவட்டத்தில் இத்தனை மரியாதையோடு சொல்கிறோம்?

கடைசியாக ஒரு சமாதான வழியும் உண்டு. ருஷ்ய வீடுகளில் ஸ்வெத்லானாவை முழுப்பெயர் சொல்லிக் கூப்பிடுவது அரிது. அவர்கள் செல்லமாக அழைப்பது 'ஸ்வேத்தா' என்று. பதிவாளரிடம் மருமகன் தமது பெயரை எழுதட்டும். முப்பத்தோராம் நாள் பிள்ளையை மடியில் வைத்து நீங்கள் 'சுவேதா' என்று கூப்பிடுங்கள். இரண்டும் ஒரே பெயர்தான்.